ஆச்சி கேட்ட நாலாவது கேள்வி

ஊரில் கோயில் கொடை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வில்லுப்பாட்டு நடந்த ராத்திரி ஆச்சிக்கு முழங்கால் வலி. பந்தலுக்குப் போக முடியவில்லை. நல்லவேளையாக, வீடியோ எடுத்தவர் இரண்டு மணி நேர நிகழ்ச்சியையும் என் அக்கா வீட்டு லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் லேப்டாப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே கவின், என்னலே இது? கட்டெறும்பு வில்லடிக்க மாதிரி இருக்கு. அன்னா அம்புட்டுப் பெரிய டிவி சும்மாத்தானே கிடக்கு. அதுல போடேன்."

கவின் ஏழாம் வகுப்பு. அவன் தங்கை யாழினி நாலாம் வகுப்பு. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கு டிவியில செருகுற ஸ்டிக் வாங்கணும் ஆச்சி. சித்தி, எந்த ஸ்டிக் நல்ல ஸ்டிக்?"

"வாங்குறது அப்புறம். கையில இருக்கிறதை வச்சு முதல்ல பார்ப்போம். எந்த இடத்துல முட்டுதோ, அந்த இடம்தான் என்ன வாங்கணும்னு நமக்குச் சொல்லித்தரும்" என்றேன். கவின் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

32 கட்டம் போட்ட பதிவேடு

முதலில் பென்டிரைவ். 32 ஜிபி கொள்ளும் பென்டிரைவ், முக்கால்வாசி காலி. வில்லுப்பாட்டு வீடியோ 9 ஜிபிதான். ஆனாலும் ஏறவில்லை. கோப்பு மிகப் பெரியது என்று லேப்டாப் கையை விரித்தது.

"இவ்வளவு இடம் இருக்கே சித்தி!"

இடம் இருக்கிறது. எழுதிவைக்கும் பதிவேட்டில்தான் கட்டம் போதவில்லை. உங்கள் ஆசிரியர் மதிப்பெண் ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே கட்டம் போட்டுவிட்டார் என்று வையுங்கள். 99 வரை எழுதலாம். 100 வாங்கியவரை எப்படி எழுதுவது? பென்டிரைவுக்குள்ளும் இப்படி ஒரு ஏடு உண்டு. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, அதன் அளவு என்ன என்று அதில் குறித்திருக்கும். நம் பென்டிரைவில் இருந்த ஏட்டு முறையின் பெயர் ஃபேட் 32. அதில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 மட்டும் எழுதலாம். எல்லாக் கட்டத்திலும் 1 எழுதினால் வரும் எண் 429,49,67,295. அத்தனை பைட்டுக்கு மேலே, அதாவது சுமார் 4 ஜிபிக்கு மேலே, ஒரே கோப்பாக எதுவும் ஏறாது. பென்டிரைவில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் சரி.

எக்ஸ்ஃபேட் என்ற புதிய ஏட்டு முறையில் இந்தத் தொல்லை இல்லை. அப்படி மாற்றிப் பார்த்தோம். அக்கா வீட்டு டிவி பழசு. அதற்கு அந்தப் புது ஏட்டை வாசிக்கத் தெரியவில்லை. திரும்பப் பழைய முறைக்கே வந்தோம்.

வீடியோக்காரர் பத்து நிமிடத் துண்டு ஒன்றும் தனியாகக் கொடுத்திருந்தார். அது 750 எம்பி. ஏறிவிட்டது. டிவியில் செருகினோம். படம் வந்தது. புலவர் வாயசைக்கிறார். வீசுகோல் வில்லில் விழுகிறது. சத்தம்? மூச்சு இல்லை.

"ஊமைப்படம்லா ஓடுது!" என்றார் ஆச்சி.

டிபன் கேரியரைத் திறக்கத் தெரியுமா?

அந்தக் கோப்பின் பெயர் .எம்கேவி என்று முடிந்தது. மட்ரோஸ்கா என்ற பெயரின் சுருக்கம் அது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைக்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்தது. நமக்கு டிபன் கேரியர் என்றால் சட்டென்று புரியும். ஓர் அடுக்கில் படம், அடுத்த அடுக்கில் ஒலி, மேலே சின்ன அடுக்கில் வசன எழுத்து. எம்கேவி, எம்பி4 என்பதெல்லாம் கேரியரின் பெயர். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி அடைத்திருக்கிறார்கள் என்பது வேறு சங்கதி. அடைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர்.

நம் டிவிக்குப் பட அடுக்கைத் திறக்கத் தெரிந்தது. ஒலி அடுக்கைத் திறக்கத் தெரியவில்லை. அதனால்தான் ஊமைப்படம். கடையில் போய், "இதுல எம்கேவி ஓடுமா?" என்று கேட்பது பாதிக் கேள்விதான். ஒவ்வோர் அடுக்கையும் திறக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டும்.

கவின் நோட்டில் எழுதினான்: கேள்வி 1. பொட்டலத்தைப் பிரிக்கப்போவது யார்?

ஒரு நொடிக்கு 149 கோடி

"அப்போ லேப்டாப்பே பிரிக்கட்டும். அதுக்குத்தான் சத்தமும் வருதே!" என்றாள் யாழினி.

சரியான யோசனை. அதற்குத்தான் ஹெச்டிஎம்ஐ கேபிள். 2002இல் வந்த ஏற்பாடு இது. முனையில் 19 ஊசிகள். உள்ளே கம்பிகள் ஜோடி ஜோடியாகப் பின்னிக்கொண்டு போகும். நம் வீடுகளில் அதிகம் புழங்கும் வகையில் மூன்று ஜோடி வண்ணங்களைச் சுமக்கும். ஒரு ஜோடி தாளம் மட்டும் போடும். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் காலம் தவறாமல் தட்டுகிறாரே, அந்த வேலை. ஒலிக்குத் தனிக் கம்பி கிடையாது. ஒரு வரி வண்ணம் போய் அடுத்த வரி வரும்வரை இருக்கும் இடைவெளியில் அது நுழைந்து போய்விடும்.

இந்த வழியில் லேப்டாப் கேரியரைத் திறந்து இலையில் பரிமாறிவிடுகிறது. டிவி பார்வைக்கு மட்டும். ஆனால் பரிமாறியது எவ்வளவு தெரியுமா? கவினையே கணக்குப் போடச் சொன்னேன்.

திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1,080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். அப்படியானால் ஒரே ஒரு படத்துக்கு 4,97,66,400 பிட். நொடிக்கு 30 படம் என்று வைத்தால் 149 கோடி பிட்டுக்கு மேல். பல கணினிகள் நொடிக்கு 60 முறை அனுப்பும். அப்போது இதுவும் இரட்டிப்பு.

"ஆனா நம்ம வீடியோ 9 ஜிபிதானே? இரண்டு மணி நேரத்துக்கு 7,200 நொடி." கவின் வகுத்துப் பார்த்தான். நொடிக்கு 1 கோடி பிட்தான் வந்தது. "மிச்சம் 148 கோடி எங்க போச்சு?"

வராதவர் பெயரை மட்டும் சொல்லு

வகுப்பில் 40 பேர் என்றால் தினமும் 40 பெயரையும் வாசிக்காமல், "இன்னிக்கு யாரு வரலை?" என்று கேட்கும் ஆசிரியர் உண்டு இல்லையா? வீடியோவும் அப்படித்தான். வில்லுப்பாட்டு மேடையைப் பாருங்கள். பின்னால் தொங்கும் திரை அப்படியே இருக்கிறது. குடம் அசையவில்லை. பந்தல் கால் நின்ற இடத்தில் நிற்கிறது. வீசுகோல் பிடித்த கையும் புலவர் முகமும்தான் மாறுகின்றன. ஆகவே ஒரு படத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு, "எது மாறியது, எந்தப் பக்கம் நகர்ந்தது" என்று மட்டும் சொன்னால் போதும்.

முழுசாகச் சொல்லும் படத்திலும் சிக்கனம் உண்டு. படத்தைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுவார்கள். பக்கவாட்டில் 8 புள்ளி, மேலும் கீழுமாக 8 புள்ளி என்று 64 புள்ளி உள்ள சதுரம் ரொம்பப் பிரபலம். நீலத் திரையில் ஒரு சதுரத்தை எடுத்தால் 64 புள்ளிக்கும் தனித்தனியாக நிறம் சொல்வது வீண். "முழுக்க நீலம், வலப்பக்கம் போகப்போகக் கொஞ்சம் வெளுப்பு" என்று சொல்லிவிடலாம். கண் கண்டுகொள்ளாத நுணுக்கங்களை விட்டும்விடலாம்.

இதைக் கணக்கு மொழியில் செய்ய ஒரு வழி கண்டவர் நசீர் அகமது. பெங்களூரில் 1940இல் பிறந்தவர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972இல் இந்த ஆராய்ச்சிக்கு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நீங்கள் போனில் எடுக்கும் ஜேபெக் புகைப்படத்துக்கு அடிப்படை அந்தக் கணக்கு. வீடியோ அடைக்கும் முறைகள் பலவும் அதன் வாரிசுகள். காற்றின் வழியாகப் படம் அனுப்ப முடிவதே இந்தச் சுருக்கத்தால்தான்.

கேபிளை எடுத்துவிட்டால்?

ஹெச்டிஎம்ஐ கேபிளில் படமும் சத்தமும் ஜோராக வந்தன. ஆனால் கேபிள் நீளம் ஒன்றரை மீட்டர். லேப்டாப்பை டிவிக்கு அடியில் ஸ்டூல் போட்டு வைத்தோம். அரை மணிக்குள் யாழினி கேபிளில் கால் தட்டி, லேப்டாப் விழத் தெரிந்தது. அக்கா வந்து பிடுங்கிவிட்டாள்.

இனி கம்பியில்லாத வழி. மூன்று விதம் இருக்கிறது. கடையில் மூன்றையுமே, "வயர் இல்லாம டிவியில தெரியும்" என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். உள்ளே நடப்பது மூன்றும் வேறு வேறு.

முதலாவது, கண்ணாடி மாதிரி காட்டுவது. லேப்டாப் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே டிவிக்கு அனுப்புவது. 2012இல் வந்த மிராகாஸ்ட் இந்த வகை. நடுவே ரவுட்டர்கூடத் தேவையில்லை. ஆனால் லேப்டாப்புக்கு இரட்டை வேலை. அடைத்திருக்கும் வீடியோவைப் பிரிக்க வேண்டும், திரையில் வந்ததை உடனுக்குடன் மறுபடி அடைத்து அனுப்பவும் வேண்டும். கேரியரைத் திறந்து பரிமாறி, பரிமாறியதை அள்ளி இன்னொரு கேரியரில் அடைக்கிற கதை. பழைய லேப்டாப் என்றால் திணறும். படம் தத்தித் தத்திப் போகும்.

இரண்டாவது, ஏவிவிடுவது. ஆங்கிலப் பெயர் காஸ்ட். அம்மா உங்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறாரே, அதுதான். போன், டிவியில் செருகிய ஸ்டிக்கிடம் முகவரிச் சீட்டை மட்டும் கொடுக்கும். ஸ்டிக் தானே இணையத்துக்குப் போய் வீடியோவை வாங்கிவந்து பிரித்துக் காட்டும். போன் அதன்பின் வெறும் ரிமோட். கூகுள் 2013இல் 35 டாலருக்கு விற்ற குரோம்காஸ்ட் இந்தச் சூத்திரத்தால்தான் விரல் நீளத்தில் அடங்கியது.

"நம்ம வில்லுப்பாட்டு இணையத்துல இல்லையே?" என்றான் கவின். ஆமாம். சீட்டில் எழுத முகவரி இல்லை.

அதற்குத்தான் மூன்றாவது வழி. லேப்டாப்பைச் சாப்பாட்டுக் கடையாக்கிவிடுவது. அதில் ஒரு மென்பொருளை ஓடவிட்டால், "என்னிடம் இன்னின்ன வீடியோ இருக்கிறது" என்று வீட்டு வைஃபையில் பட்டியலை நீட்டும். டிவியோ ஸ்டிக்கோ வாடிக்கையாளர்போல ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அடைத்த பொட்டலம் அப்படியே போகிறது. நொடிக்கு 1 கோடி பிட்தான். பிரிப்பது வாங்கியவர் பொறுப்பு. ஒன்று மட்டும், சாப்பிட்டு முடியும்வரை கடை திறந்திருக்க வேண்டும். லேப்டாப்பை அணைத்தால் படமும் நின்றுவிடும்.

கவின் அடுத்த கேள்வியை எழுதினான்: கேள்வி 2. படம் எங்கே இருக்கிறது? இணையத்திலா, வீட்டுக்குள்ளா?

இந்த மூன்றாவது வழியில் ஒரு சுவையான கதை உண்டு. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, எக்கோல் சென்ட்ரால். 1996இல் அங்கே விடுதி மாணவர்களுக்கு வேகமான பிணையம் வேண்டியிருந்தது. எதற்கு? கணினியில் ஒருவரோடொருவர் விளையாட! அதற்கு யார் பணம் தருவார்? ஆகவே, சாட்டிலைட் டிவியைப் பிணையம் வழியே ஒவ்வோர் அறைக் கணினிக்கும் அனுப்பிக் காட்டுகிறோம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அனுப்பும் மென்பொருள் ஒன்று, வாங்கிக் காட்டும் மென்பொருள் ஒன்று. வாங்கிக் காட்டியதுதான் விஎல்சி. 2001இல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அந்த ஆரஞ்சு நிறக் கூம்பைப் பார்த்திருப்பீர்களே? சாலையில் வைக்கும் கூம்புகளை அந்தக் கல்லூரி மாணவர்கள் சேர்த்துவைத்திருந்தார்களாம். அதுவே சின்னமாகிவிட்டது.

மொட்டைமாடித் தொட்டி

வைஃபையில் படம் பார்க்கும்போது நடுவே வட்டம் சுற்றுமே, ஏன்?

உங்கள் தெருவில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஆனாலும் குழாயைத் திறந்தால் நாள் முழுக்க வருகிறது, மொட்டைமாடித் தொட்டி இருப்பதால். ஸ்டிக்குக்குள்ளும் ஒரு தொட்டி உண்டு. அடுத்த சில நொடிக்கான வீடியோவை முன்கூட்டியே வாங்கி நிரப்பி வைத்துக்கொள்ளும். அதற்கு பஃபர் என்று பெயர். வரத்து கொஞ்ச நேரம் குறைந்தாலும் படம் நிற்காது. தொட்டி காலியானால்தான் வட்டம் சுற்றும்.

வரத்து ஏன் குறைகிறது? வைஃபை அலைகள் முக்கியமாக இரண்டு பட்டைகளில் வருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும். ஆனால் அந்தப் பட்டையில் கூட்டம் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் அதே இடத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

கேள்வி 3: வழி எப்படி? கேபிளா, வைஃபையா, நடுவே எத்தனை சுவர்?

இப்போது கடைக்குப் போகலாம்

மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் கடையில் குழப்பமே வராது. பார்ப்பதெல்லாம் இணையத்தில் இருக்கிறதென்றால் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஒரு ஸ்டிக் போதும். டிவியே ஸ்மார்ட் டிவி என்றால் அதுவும் வேண்டாம். வீட்டுக் கணினியில் நிறைய வீடியோ இருந்தால், விஎல்சி போன்ற செயலியை ஏற்றிக்கொள்ளும் ஸ்டிக்காகப் பாருங்கள். டிவிக்குத் திறக்கத் தெரியாத அடுக்கை விஎல்சி திறந்துவிடும்.

தானே செய்து பார்க்க ஆசையா? ராஸ்பெர்ரி பை இருக்கிறது. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த, ஏடிஎம் கார்டு அளவுக் கணினி. முதலில் வந்ததன் விலையும் 35 டாலர்தான். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகவேண்டும் என்றே செய்தார்கள். அதில் கோடி என்ற இலவச மென்பொருளை ஏற்றி டிவியில் செருகினால் வீட்டுத் திரையரங்கு தயார். இந்தக் கோடி நம் எண் கோடி இல்லை, மென்பொருளின் பெயர்! எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதத் தொடங்கி, 2014இல் இந்தப் பெயருக்கு மாறியது.

கவினுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "சித்தி, ராஸ்பெர்ரி பையே வாங்கிடலாம். ஆச்சிக்குப் பட்டியல் வரும், அதுல உள்ள போயி, லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து, அப்புறம்..."

ஆச்சி அதுவரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும்லே. நீ பள்ளிக்கூடம் போன பொறவு எனக்கு வில்லுப்பாட்டு பாக்கணும்னா, யாருலே அமுக்குவா?"

கவின் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு எழுதினான். கேள்வி 4: யார் அமுக்குவார்?

என் மூன்று கேள்வியில் இது இல்லை. ஆனால் இதை வைத்துப் பார்த்தபோது வழி தானாகத் திறந்தது. ஆச்சிக்கு ஒரே ரிமோட், ஒரே பொத்தான் வேண்டும். லேப்டாப் திறந்திருக்கத் தேவையில்லாத வழி வேண்டும். அப்படியானால் பென்டிரைவ்தான். அதில் இருந்த சிக்கல் இரண்டே. 4 ஜிபிக்குமேல் ஏறாது, ஒலி அடுக்கு திறக்காது. பொட்டலத்தையே மாற்றிக் கட்டிவிட்டால்?

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைக் கொடுத்தோம். ஒலியை டிவிக்குத் தெரிந்த ஏஏசி முறைக்கு மாற்றச் சொன்னோம். படத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி அடைக்கச் சொன்னோம். ராத்திரி முழுக்க லேப்டாப் விசிறி இரைந்தது. காலையில் பார்த்தால் 3.4 ஜிபி. 32 கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

சும்மா கிடைக்கவில்லை. சீரியல் பல்புகள் மின்னும் இடத்தில் அருகே போய் உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரங்கள் லேசாகத் தெரிந்தன. யாழினி அதைக் கண்டுபிடித்துக் காட்டினாள். ஆச்சி கட்டிலில் இருந்து பார்க்கும் தூரத்துக்கு அது தெரியாது.

பத்து மணிக்கு ஆச்சி தானே பொத்தானை அமுக்கினார். வீசுகோல் விழுந்தது. வில்லில் கட்டிய மணிகள் கலகலவென்று வீடு முழுக்கக் கேட்டன. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தா, குடம் அடிக்கான் பாரு, இவன் நம்ம மேலத்தெருக்காரன். லேப்டாப்புல ஆளே தெரியலையே!"

நீங்களும் செய்து பாருங்கள் (பெரியவர்களிடம் கேட்டுவிட்டு)

1. போனில் இருந்து டிவிக்கு ஒரு யூடியூப் வீடியோவை அனுப்புங்கள். இப்போது போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். படம் தொடர்ந்தால் அது ஏவிவிட்டது. நின்றுவிட்டால் கண்ணாடி மாதிரி காட்டியது.

2. இணைய வீடியோ ஒன்று இரண்டு நிமிடம் ஓடியபின் ரவுட்டரை அணையுங்கள். எத்தனை நொடி கழித்துப் படம் நிற்கிறது? அதுதான் உங்கள் தொட்டியில் இருந்த தண்ணீர்.

3. ஒரே போனில் ஒரு நிமிடம் வெறும் சுவரையும், ஒரு நிமிடம் காற்றில் ஆடும் மரத்தையும் வீடியோ எடுங்கள். இரண்டு கோப்பின் அளவையும் பாருங்கள். எது பெரியது? ஏன்? வராதவர் பெயரை வாசிக்கும் ஆசிரியரை நினைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.